இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் தங்குவோர்

தபால் பெட்டி 418, சுரபாயா
9 ஆகஸ்ட் 1993

அன்புத் தம்பி பிரசோஜோவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வொனோசோபோக் குளிரில் மூக்கைச் சிந்திக்கொண்டாவது நீயும் உன் பெண்டாட்டி எந்தாங்கும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மகள் ரத்ரி பூர்வோகெர்த்தோவில் குடித்தனத்தைத் தொடங்கிவிட்டாளா? அத்தை கேட்டதாக எழுது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். உன் வீட்டுப் பக்கவாட்டு அறை, தனி வாசல் உள்ளது, அங்கே குடியிருந்த நர்ஸ் காலி செய்ததிலிருந்து சும்மாதானே கிடக்கிறது? அதை ஒரு பெண்ணுக்கும் அவள் மகளுக்கும் ஆறு மாதம் கொடு.

அவள் பெயர் சுதார்மி, இருபத்தெட்டு வயது. மகள் யூனிக்கு ஆறு. ஊர் மோஜோகெர்த்தோ. புருஷன் கார்ஜோனோ பள்ளி ஆசிரியர், தெருவே எழுந்து நின்று மரியாதை செய்கிற ஆள். வெளியே தெரியாத இடமாகப் பார்த்து அடிக்கத் தெரிந்தவர். மூன்று தடவை அவள் வீட்டை விட்டு வந்திருக்கிறாள். மூன்று தடவையும் யாராவது ஒரு நல்ல மனிதர் கையைப் பிடித்துத் திரும்பக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

இப்படி வருகிறவர்களுக்கு நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்து வீடு தேடுகிறோம் என்பது உனக்குத் தெரியும். அது எப்படிப்பட்ட வேலை என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இவளுக்காக இந்த மாதம் மட்டும் பதினோரு வீடு ஏறி இறங்கினேன். எல்லோரும் முதலில் கேட்பது "புருஷன் எங்க?" அடுத்தது "கல்யாணப் பதிவுப் புத்தகம் எங்க?" அந்தப் புத்தகம் அவன் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. ஒரு அம்மாள், "பாவமாத்தான் இருக்கு, ஆனா நாளைக்கு அவரு வந்து வாசல்ல நின்னா எங்க வீட்டுப் பேரு என்னாவறது?" என்றாள். நான் அங்கே குடித்த தண்ணீர்கூடக் கசந்தது.

ஒரே நிபந்தனைதான். அவள் ஊருக்கு ஒரு வரிகூடப் போகக் கூடாது. எந்த அலுவலகத்துக்கும், எந்தத் தலைவருக்கும். கேட்பவர்களிடம் எந்தாங்கின் சித்தி மகள் என்று சொல்லிவிடு.

உன் அக்கா,
மூர்த்தினிங்சி

*

வொனோசோபோ
20 ஆகஸ்ட் 1993

மதிப்புக்குரிய நிங்சி அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். இறைவன் அருளால் நாங்கள் இருவரும் சுகம். உங்கள் இடது காது எப்படி இருக்கிறது? காற்றில் போகும்போது பஞ்சு வைத்துக்கொள்கிறீர்களா? பூண்டை எண்ணெயில் காய்ச்சி இரண்டு சொட்டு விடச் சொல்கிறாள் எந்தாங்.

உங்களுக்கு உறையில் விலாசம் எழுதும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது. உலகத்தில் எல்லோரும் வீட்டில் குடியிருக்கிறார்கள், என் அக்கா மட்டும் தபால் பெட்டிக்குள் குடியிருக்கிறாள். ஒருநாள் சுரபாயாவுக்கு வந்து 418ஆம் பெட்டியைத் தட்டி, "அக்கா, தேநீர் போடுங்க" என்று கேட்கப்போகிறேன்.

சுதந்திர தினத்துக்குத் தெரு முழுக்க வெள்ளையடித்து, கொடி கட்டி, சாக்கு ஓட்டம், வழுக்குமரம் எல்லாம் நடத்தினோம். நான் தெருத் தலைவனாகி இது நாலாவது வருஷம். பொழுது விடிந்தால் தலைவரைத் தேடி "பாக் எர்தே, பாக் எர்தே" என்று வாசலில் கூப்பாடுதான். விதைக்கடையைப் பார்ப்பதா தெருவைப் பார்ப்பதா என்று தெரியவில்லை.

அதனால்தான் ஒரு சங்கடம். தெருமுனையில் ஒரு பலகை இருக்கிறது: 'இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் தங்கும் விருந்தாளிகளைப் பற்றித் தெருத் தலைவரிடம் தெரிவிக்கவும்.' என் கையால் எழுதிய பலகை. போன மாதம்கூட எதிர்வீட்டுக்காரர் தன் மைத்துனனைப் பற்றிச் சொல்லவில்லை என்று கண்டித்தேன். இப்போது என் வீட்டு விருந்தாளியைப் பற்றி நான் யாரிடம் தெரிவிப்பது? எந்தாங்கைக் கேட்டேன். "கண்ணாடி முன்னாடி நின்னு தெரிவிச்சுக்கோங்க" என்கிறாள்.

சரி, வரச் சொல்லுங்கள். அக்கா கேட்டு நான் இல்லை என்று சொன்னதுண்டா?

ரத்ரி நன்றாக இருக்கிறாள். மாப்பிள்ளை ஹெர்மந்தோ தங்கமான பையன், என் முன்னால் உட்காரவே கூச்சப்படுகிறார். கல்யாணமான புதிதில் வாரம் ஒரு கடிதம் போட்டாள். இப்போது மாதம் ஒன்று. புதுக் குடித்தனக்காரிக்கு நேரம் எங்கே!

பணிவுடன்,
பிரசோஜோ

*

தபால் பெட்டி 418, சுரபாயா
28 ஆகஸ்ட் 1993

தம்பிக்கு,

ஸலாம். உடம்பு நலம். சுதார்மியும் யூனியும் செப்டம்பர் 2ஆம் தேதி மதியப் பேருந்தில் வருவார்கள். எந்தாங் மட்டும் போய் அழைத்து வரட்டும். சிவப்புப் பை, குழந்தைக்கு முன்பல் இரண்டு இல்லை.

அவளிடம் இடமாற்றச் சீட்டு கிடையாது, வரவும் வராது. அவள் ஊர்த் தெருத் தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் சீட்டு. அவர் கார்ஜோனோவோடு தினமும் சதுரங்கம் ஆடுகிறவர். உன் பதிவேட்டில் அந்த இடத்தைக் காலியாக விடு. ஒரு கட்டம் காலியாக இருப்பதால் ஜாவா கடலில் மூழ்கிவிடாது.

என் காதைப் பற்றிக் கவலைப்படாதே. அது பூண்டெண்ணெய்க்குக் கேட்கிற காது இல்லை.

அக்கா

*

வொனோசோபோ
26 செப்டம்பர் 1993

நிங்சி அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் யூனியும் நலம். நீங்களும் மற்ற மூன்று அம்மாக்களும் நலமாக இருக்கத் தொழுகையில் வேண்டிக்கொள்கிறேன். எனக்கு எழுத்து சரியாக வராது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறை நன்றாக இருக்கிறது. உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது. முதல் வாரம் நான் அதைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். யூனிகூட "அம்மா, அது ஓடிப்போவாது, விடுங்க" என்று சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

காலையில் உருளைக்கிழங்கு மண்டியில் கிழங்கு பொறுக்கும் வேலை. மதியம் எந்தாங் அக்காவோடு சமையல். இங்கே நூடுல்ஸில் கெட்டியாகக் கஞ்சி மாதிரி ஊற்றித் தருகிறார்கள், யூனிக்கு அதுதான் வேண்டும் தினமும். பள்ளியில் பழைய பள்ளிச் சான்றிதழ் கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள், பாக் பிரசோஜோ வந்து பேசினார். அவர் ரொம்ப நல்லவர். என் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தப் பெரிய பதிவேட்டை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். "சுதார்மி, தப்பா நெனச்சுக்காதம்மா. அந்தச் சீட்டு மட்டும் எப்படியாவது வந்துட்டா எனக்கு நிம்மதியா இருக்கும்" என்பார். நான் "வராதுங்க பாக்" என்பேன். "சரி சரி" என்று போய்விடுவார். அடுத்த ஞாயிறு மறுபடி வருவார். எனக்கு அது ஒன்றுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது. நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

உங்கள் மகள் மாதிரி,
சுதார்மி

*

வொனோசோபோ
17 அக்டோபர் 1993

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

ஸலாம். நாங்கள் எல்லோரும் நலம். மழை தொடங்கிவிட்டது. உங்கள் காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தாங்குக்கு முழங்கால் வலி, அதைத் தவிர விசேஷமில்லை.

சுதார்மி குணமான பெண். தெருவில் யாருக்கும் அவள்மேல் ஒரு குறையும் இல்லை. ஞாயிறு பொதுத் துப்புரவுக்கு முதல் ஆளாக விளக்குமாற்றோடு வந்து நிற்கிறாள். அதனால்தான் எனக்கு இன்னும் வருத்தம். இப்படிப்பட்ட பெண் எங்கள் தெருவில் களவாக இருப்பதுபோல இருப்பது நியாயமா?

நவம்பரில் ஒழுங்கான தெருவுக்கான போட்டி. மேலேயிருந்து வந்து பதிவேட்டைப் புரட்டுவார்கள். நூற்றுப் பதினெட்டுப் பேர் எங்கள் தெருவில், நூற்றுப் பதினேழு பேருக்கு எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது. ராத்திரி படுத்தால் அந்த ஒரு வெற்றுக் கட்டம்தான் கண்முன் வருகிறது. நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

ஒன்றும் கவலைப்பட வேண்டாம். எல்லாம் முறைப்படி ஆக, சின்ன ஏற்பாடு ஒன்று செய்திருக்கிறேன். யாருக்கும் மனம் நோகாதபடி, மிக மரியாதையாக.

ரத்ரியிடமிருந்து கடிதம் வந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டதாம். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு நடையில் நிதானம் கிடையாது.

பணிவுடன்,
பிரசோஜோ

*

தபால் பெட்டி 418, சுரபாயா
22 அக்டோபர் 1993

பிரசோஜோ,

என்ன ஏற்பாடு? யாருக்கு எழுதினாய்? என்று எழுதினாய்? கடிதம் போடாதே, தந்தி கொடு.

மோஜோகெர்த்தோவுக்கு எழுதியிருந்தால் இன்றைக்கே அவளை அந்த அறையிலிருந்து வேறிடத்துக்கு மாற்றிவிட வேண்டும். இங்கே ஒருத்தி பிள்ளை பெற்று நாலு நாள்தான் ஆகிறது, விட்டுவிட்டு வர முடியவில்லை. ஆனால் நீ ஆமாம் என்று ஒரு வார்த்தை தந்தி கொடுத்தால் அடுத்த பேருந்தில் ஏறிவிடுவேன்.

ரத்ரியின் கண்ணாடி உடைந்ததைப் பற்றி அவளிடமே தனியாகக் கேள். மாப்பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது கேள்.

நிங்சி

*

தபால் பெட்டி 418, சுரபாயா
26 நவம்பர் 1993

பிரசோஜோவுக்கு,

ஸலாம். நலம் விசாரிக்க மனமில்லை.

அக்டோபர் 27ஆம் தேதி உன் தந்தி வந்தது. 'எல்லாம் நலம் கவலை வேண்டாம்.' அதை நம்பிப் பேருந்து ஏறாமல் இருந்துவிட்டேன். இத்தனை வருஷம் இந்த வேலை செய்துவிட்டு 'எல்லாம் நலம்' என்ற வார்த்தையை நம்பினேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சுதார்மிக்கு நான் போட்ட கடிதம் நேற்றுத் திரும்பி வந்தது. உறைமேல் 'இங்கே இல்லை' என்று அழகான கையெழுத்து. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? தெருமுனைப் பலகையிலும் அதே கையெழுத்துதானே.

அவள் எங்கே?

நிங்சி

*

வொனோசோபோ
15 டிசம்பர் 1993

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதம் உங்களை நல்ல உடல்நலத்தோடும் அமைதியான மனதோடும் சந்திக்க வேண்டும் என்று இறைவனை வேண்டுகிறேன். இங்கே மழை விடவில்லை. மலைச்சரிவில் கிழங்குப் பாத்திகள் சரிந்து போயின. எந்தாங்கின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பதில் எழுதத் தாமதமானதற்குப் பொறுத்தருள வேண்டும். எப்படி எழுதுவது என்று நாலைந்து தாள் கிழித்துப் போட்டேன்.

அக்டோபர் தொடக்கத்தில் மோஜோகெர்த்தோத் தெருத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். சுதார்மி என்பவர் எங்கள் தெருவில் கண்ணியமாக வாழ்ந்து வருகிறார், அன்பு கூர்ந்து இடமாற்றச் சீட்டு அனுப்பி உதவவும் என்று. ஒரு தெருத் தலைவன் இன்னொரு தெருத் தலைவருக்கு எழுதுவது வழக்கம்தானே. அவளைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை எழுதவில்லை, சத்தியமாக.

நவம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை காலை துப்புரவு முடிந்து தெருவே என் வீட்டு முன்னால் உட்கார்ந்திருந்தது. கார்ஜோனோ வந்தார். அவர் தெருத் தலைவரும் கூட வந்தார். மோஜோகெர்த்தோ எள்ளுருண்டை இரண்டு பெட்டி கொண்டுவந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றி, குனிந்து, எல்லோருக்கும் கை கொடுத்தார். எவ்வளவு தணிவான பேச்சு அக்கா! நம் அப்பா காலத்துப் பெரியவர்கள் பேசுவதுபோல ஒரு மரியாதை. வந்த விருந்தாளியைத் தெருவில் நிறுத்த முடியுமா? உள்ளே உட்காரவைத்தேன். எந்தாங் மூடி போட்ட தம்ளர்களில் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். எதிர்வீட்டுக்காரர், பள்ளிவாசல் பெரியவர், எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள்.

"தப்பு என் மேலதாங்க பாக்" என்று அவர் அழுதார். "கோவத்துல கை நீண்டுருச்சு. பொண்டாட்டி புள்ள இல்லாம வீடு வீடாவே இல்லீங்க." பெரிய மனுஷன் பத்துப் பேர் முன்னால் அழுதால் யாருக்கு மனம் இளகாது? பள்ளிவாசல் பெரியவர், "மன்னிப்புக் கேட்டாச்சு, அப்புறம் என்னம்மா?" என்று சுதார்மியைக் கேட்டார்.

அவள் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள், மீதியையும் உரித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். யூனிதான் பக்கவாட்டு அறைக்குள் போய் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். எவ்வளவு கூப்பிட்டும் திறக்கவில்லை. கடைசியில் நான் கடையிலிருந்து கடப்பாரை எடுத்து வர வேண்டியதாயிற்று.

போகும்போது சுதார்மி என்னிடம் "நீங்க நல்லவருங்க பாக். எனக்கு எப்பவும் நல்லவங்கதான் கெடைக்கறாங்க" என்றாள். அவளுக்கு என்மேல் வருத்தமில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் தெருவுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. சொல்லத் தோன்றியது, சொல்லிவிட்டேன்.

பணிவுடன்,
பிரசோஜோ

*

தபால் பெட்டி 418, சுரபாயா
9 ஜனவரி 1994

பிரசோஜோ,

உன் கடிதம் வந்த மறுநாள் மோஜோகெர்த்தோவுக்குப் போனேன். அந்த ஆசிரியர் வீட்டில் எனக்கும் மூடி போட்ட தம்ளரில் தேநீர் கொடுத்தார். உன்னைப் பற்றி விசாரித்தார். "உங்க தம்பி மாதிரி பத்துப் பேரு இருந்தா நாடு உருப்படும்" என்றார். சுதார்மிதான் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தாடைக்குக் கட்டுப் போட்டிருந்தது. பேச முடியாது, கஞ்சிதான் குடிக்கிறாளாம். மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்றார். அந்த வீட்டுக்கு மாடி கிடையாது.

யூனி அங்கே இல்லை. கலிமந்தானில் எங்கோ இருக்கும் அவன் தாயிடம் கப்பலேற்றி அனுப்பிவிட்டான். இனிமேல் நான் அரண்மனையே பிடித்துக் கொடுத்தாலும் சுதார்மி வர மாட்டாள். பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். வாசல் வரை வந்து வழியனுப்பும்போது என் கையை ஒரு தடவை அழுத்தினாள், அவ்வளவுதான்.

உன்னைக் கெட்டவன் என்று சொல்லவில்லை. கெட்டவனிடம் நான் அவளை அனுப்பியிருக்கவே மாட்டேன்.

என் காதைப் பற்றிக் கடிதத்துக்குக் கடிதம் விசாரிக்கிறாய். சொல்கிறேன், கேட்டுக்கொள். 1971இல் நான் புருஷனை விட்டு நம் வீட்டுக்கு ஓடி வந்தேன். நாலாம் நாள் அப்பா அவனுக்கு ஆள் அனுப்பினார். அவனும் வந்தான், தேநீர் குடித்தான், அழுதான். உனக்கு அப்போது பத்தொன்பது வயது. என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து வரை நீதான் வந்தாய். ஜன்னல் வழியாகக் கடலைப் பொட்டலம் கொடுத்தாய். அந்த வாரக் கடைசியில் போனது இந்தக் காது. அது உனக்குத் தெரியும். தெரிந்துதான் இருபத்திரண்டு வருஷமாகப் பூண்டெண்ணெய் சிபாரிசு செய்கிறாய்.

இதற்குப் பதில் வேண்டாம்.

நிங்சி

*

வொனோசோபோ
19 மார்ச் 1994

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் வாழ்த்துகள். தெரிந்தும் தெரியாமலும், உள்ளத்தாலும் செயலாலும் செய்த பிழைகளைப் பொறுத்தருள வேண்டும். இதை வருஷா வருஷம் அட்டையில் அச்சடித்து அனுப்புவேன். இந்த வருஷம் கையால் எழுதுகிறேன்.

பெருநாளுக்கு நீங்கள் வரவில்லை. இருபது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ரத்ரி வந்தாள், தனியாக. மாப்பிள்ளைக்கு வங்கியில் வேலை என்றாள். வீட்டுக்குள்ளும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். நான் காலில் விழுபவர்களுக்கெல்லாம் ஆசி கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவளும் வந்து என் முழங்காலைத் தொட்டாள். தோளில் கை வைத்தேன். விருட்டென்று இழுத்துக்கொண்டாள். எந்தாங்தான் பிறகு சட்டையைக் கழற்றிப் பார்த்தாள். என்ன பார்த்தாள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

"அக்டோபர்ல கண்ணாடி ஒடஞ்சப்பவே எழுதினேனேப்பா" என்றாள். "வழுக்கி விழுந்தேன்னு எழுதினா நீங்க கேப்பீங்கன்னு நெனச்சேன்." அக்கா, நீங்கள் கேட்கச் சொல்லியும் நான் கேட்கவில்லை.

ஹெர்மந்தோவிடமிருந்து கடிதம் வந்துவிட்டது, மிக மரியாதையான கடிதம். ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை தன் அப்பாவோடு வருகிறாராம், மன்னிப்புக் கேட்டு அழைத்துப் போக. விஷயம் தெருவுக்கும் தெரிந்துவிட்டது. பள்ளிவாசல் பெரியவர் "நானும் வந்து உக்காரறேன், பேசி முடிச்சிரலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொல்லிப் போன வார்த்தை காதில் விழுந்ததிலிருந்து ரத்ரி பக்கவாட்டு அறையில்தான் இருக்கிறாள். அந்தத் தாழ்ப்பாளை நான் இன்னும் சரி செய்யவில்லை. நாற்காலியை முட்டுக் கொடுத்துக்கொண்டு தூங்குகிறாள்.

அவளுக்கு ஒரு இடம் வேண்டும் அக்கா. உங்களிடம் கேட்க எனக்கு வாய் இல்லை என்று தெரியும். நான் எந்தத் தலைவருக்கும் எழுத மாட்டேன். பதிவேட்டில் அவள் பெயரை இன்னும் ஏற்றவில்லை. இருபத்து நான்கு மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டது.

உங்கள் தம்பி,
பிரசோஜோ

*

தபால் பெட்டி 418, சுரபாயா
23 மார்ச் 1994

தம்பிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நீ எழுதியது வந்தது. நான் நலம்.

மார்ச் 31, வியாழக்கிழமை காலை முதல் பேருந்தில் ரத்ரியை ஏற்றிவிடு. சோலோ பேருந்து நிலையத்தில் கழிவறைக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்காரட்டும், நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். ஒரு பை போதும். கல்யாணப் புத்தகம் கையில் இருந்தால் எடுத்துக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் அழ வேண்டாம். கூட யாரும் வர வேண்டாம். நீயும்தான்.

அவள் இருக்கப்போகும் வீடு நல்ல வீடு. தாழ்ப்பாள் இருக்கிறது. பின்பக்கம் இன்னொரு வழி இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி அதிகம் கேட்காதவள். இதற்கு மேல் உனக்குச் சொல்ல மாட்டேன். எந்த ஊர் என்று கேட்காதே. எந்தாங்கும் கேட்க வேண்டாம், அவளுக்குத் தெரிந்தால் உனக்குத் தெரிந்துவிடும். எழுத வேண்டுமானால் இந்தப் பெட்டிக்கு எழுது, நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

தபால் பெட்டிக்குள் குடியிருக்கிறேன் என்று இருபது வருஷமாகச் சிரிக்கிறாயே, என் வீடு எங்கே இருக்கிறது என்று உனக்கு ஏன் சொல்லவில்லை என்று ஒருநாளாவது யோசித்தாயா? நான் இரண்டாம் முறை தப்பித்தபோது நம் குடும்பத்தில் யாருக்கும் விலாசம் கொடுக்கவில்லை. உனக்கும் கொடுக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கு உயிரோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

ரத்ரியிடம் பயப்படாமல் வரச் சொல்.

அத்தை நிங்சி

*

வொனோசோபோ
6 ஏப்ரல் 1994

அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் எந்தாங்கும் இருக்கிறோம். ரத்ரி நலமா? பதிலில் 'நலம்' என்று ஒரு வார்த்தை போதும். வேறெதுவும் எழுத வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை ஹெர்மந்தோவும் அவர் அப்பாவும் வந்தார்கள். பள்ளிவாசல் பெரியவரும் எதிர்வீட்டுக்காரரும் முன்னாடியே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எந்தாங் தேநீர் போட மாட்டேன் என்று அடுப்பை அணைத்துவிட்டுப் பின்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. நானே போய்ப் போட்டேன், சர்க்கரை அதிகமாகிவிட்டது. ஐந்து தம்ளருக்கும் மூடி போட்டுக் கொண்டுவந்து வைத்தேன்.

"எங்கப்பா ரத்ரி?" என்றார் பெரியவர்.

"தெரியாதுங்க" என்றேன்.

"பெத்த தகப்பனுக்குத் தெரியாதா? நீ தெருவுக்கே தலைவனாச்சே!" என்று எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஹெர்மந்தோ நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் என் காலடியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். "அப்பா, ஒரே ஒரு தடவ அவள பாத்தாப் போதும், விலாசம் மட்டும் குடுங்க" என்றார். என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அவர் அப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தேநீர் ஆறிப்போயிற்று. கடைசிவரை தெரியாது, தெரியாது என்றுதான் சொன்னேன். பொய் சொல்லவில்லை.

ரத்ரியின் முதுகை எந்தாங் பார்த்திருக்கிறாள், நாற்காலி முட்டுக் கொடுத்த கதவை நான் பார்த்திருக்கிறேன், சுதார்மி விஷயம் எனக்குத் தெரியும். எல்லாம் தெரிந்தும், அந்தப் பையன் என் காலைப் பிடித்து அழுதபோது எனக்கு மனசு இளகித்தான் போயிற்று அக்கா. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

ரத்ரியின் கண்ணாடியைப் பழுது பார்த்து வாங்கிவிட்டேன். பஞ்சு வைத்துச் சுற்றி உங்கள் பெட்டி எண்ணுக்கே அனுப்பியிருக்கிறேன்.

தம்பி,
பிரசோஜோ